ராணி அக்காவின் கிளட்சும் என் மூக்கும்

எனக்கு இருபத்தொன்பது வயது. என் மூக்கு ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது.

இப்போது விருதுநகரில், மின்சார வண்டிகளுக்கான சர்வீஸ் சென்டர் ஒன்றில் வேலை. லேப்டாப்பை ஒயரில் மாட்டினால் வண்டி தன் நோயைத் தானே எழுதிக் கொடுத்துவிடுகிறது. தரை ஆஸ்பத்திரித் தரை மாதிரி மினுங்குகிறது. சாயங்காலம் வரை சட்டை வெள்ளையாகவே இருப்பதால், நான் நிஜமாகவே வேலைக்குத்தான் போகிறேனா என்று அம்மாவுக்குச் சந்தேகம். போன மாதம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் மதியச் சாப்பாட்டின்போது கேட்டார்கள்: “அண்ணே, முன்னாடி ஆயிலை மோந்து பாத்தே வண்டிக்கு என்னன்னு சொல்லுவீகளாமே, நெசமா? இல்ல சும்மா அடிச்சு விடுறாகளா?”

நிஜம்தான். ஏழு வருஷம் அதுதான் என் பெருமை. ஒரே ஒரு தடவை அந்த மூக்கு தப்பாகச் சொன்னது, அதனால் ஒருவருடைய வேலையே போகப் பார்த்தது. சாப்பாட்டு நேரத்துக்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

படித்தது ஆட்டோமொபைல் டிப்ளமோ. மூன்று வருஷத்தில் நான் கற்றதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம்: படம் வரைவது, பெயர் தெரிந்த உறுப்புகளைத் திரும்ப மாட்டுவது. மிச்சமெல்லாம் சிவகாசி–விருதுநகர் ரோட்டில் இருந்த ஒர்க்‌ஷாப்பில், மூன்று குழிகளுக்குள், வண்டிகளுக்கு அடியில் கிடந்து கற்றது. அங்கே சர்வீஸ் மேனேஜர் ஜெபா மேடம். தினமும் விருதுநகரில் இருந்து பஸ்ஸில் வருவார். நாற்பதைத் தொடாதவர், குரலை உயர்த்தாதவர். என்ஜினைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனால் கொரோனா வந்து போனபின் அவருக்கு வாசனை திரும்பவே இல்லை. மல்லிகைப்பூவும் டீசலும் அவருக்கு ஒன்று. “மீன் கொழம்பைக்கூட இப்பல்லாம் ஞாபகத்துலதான் சாப்பிடுதேன் செல்வின்” என்பார், சிரித்துக்கொண்டே.

அதனால்தான் அந்த ஒர்க்‌ஷாப்பில் வாசனைக்கு ஒரு முறையே உருவானது. தன் மூக்கு இல்லாத இடத்தில் அடுத்தவர் மூக்கை நம்ப வேண்டும். நம்புவதற்கு அது எழுத்தில் இருக்க வேண்டும். இவ்வளவுதான் மேடத்தின் கொள்கை.

முறை இது. பக்கத்து அச்சகத்தில் வெட்டி ஒதுக்கிய அட்டைத் துண்டுகள் சாக்கு சாக்காக எங்களுக்கு வரும். அதில் பளபளப்பில்லாத பக்கத்தை மேலே வைக்க வேண்டும். பளபளப்பான பக்கம் எண்ணெயைக் குடிக்காது. என்ஜின் ஆறியபின் ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, அட்டையில் ஒரு சொட்டு. பத்து நிமிஷம் யாரும் தொடக் கூடாது. சொட்டு வட்டமாகப் பரவும். நடுவில் கறுப்பு கெட்டியாக நின்றுவிட்டால் ஆயில் தன் அழுக்கைத் தாங்க முடியாத நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். ஓரத்தில் வெளிறிய வளையம் அகலமாக ஓடினால் எரிபொருள் கலந்திருக்கிறது. அதன்பிறகு மூக்கு. மோந்து பார்க்குமுன் சொந்தச் சட்டைக் காலரை இரண்டு தடவை இழுத்து மோந்துகொள்ள வேண்டும். முந்தின வாடையை மறக்கடித்து மூக்கை நேர்ப்படுத்துவதற்காக. அது என் கண்டுபிடிப்பு, நானே மேடத்திடம் சொல்லிச் சேர்க்க வைத்தது. கடைசியாக, என்ன வாசனை என்று அட்டையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

எழுதுவதில்தான் உயிர் போகும். “ஒரு மாதிரி வாடை” என்று எழுதினால் அட்டை திரும்பி வரும். 

“ஒரு மாதிரின்னா எந்த மாதிரி? எனக்குத் தெரியாதுல்ல, எனக்குத் தெரியிற மாதிரி எழுதுங்க.”

ஆகவே எழுதினோம். “அடிப்பிடித்த கடலை”: வெயிலில் ரேடியேட்டர் காய்ந்து, ஆயில் வெந்து போன வண்டி. “இருமல் டானிக், லேசாக”: என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீர் உள்ளே கசிகிறது, ஹெட் கேஸ்கட் போய்விட்டது. “பழைய செருப்புக் கடை”: இதை எழுதியது என்னோடு வேலை பார்த்த காளிராஜ் அண்ணன். அது என்ன நோய் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை, ஆனால் மேடம் ஏற்றுக்கொண்டார்.

என் பெயர் பரவியது ஒரு அச்சக முதலாளியின் காரால். வந்தவர் குறை சொல்ல வரவில்லை, பெருமை பேச வந்தார்.

“நம்ம வண்டி மாதிரி ஒரு வண்டி பாத்திருக்க மாட்டீக தம்பி. ஒரு சொட்டு ஆயில் குறையல. குறையாதது மட்டுமில்ல, ஏறிக்கிட்டு வருது!”

ஆயில் குச்சியை எடுத்தேன். மேல் கோட்டையும் தாண்டி விரலகலம் நின்றது. அட்டையில் சொட்டு விட்டால் வளையம் ரொட்டி மாதிரி விரிந்தது. மோந்தால் பெட்ரோல் பங்க்.

“அண்ணாச்சி, வீட்டுக்கும் பிரஸ்ஸுக்கும் எவ்வளவு தூரம்?”

“இந்தா இருக்கு. ரெண்டு தெரு.”

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை?”

“காப்பிக்கு, டிபனுக்கு, சாப்பாட்டுக்கு… நாலு, அஞ்சு தடவை. ஏன், நடந்து போகச் சொல்லுதீகளா?”

அதையேதான் சொன்னேன். என்ஜின் சூடாகுமுன்பே நிறுத்தி நிறுத்தி, எரியாத பெட்ரோல் கீழே இறங்கி ஆயிலோடு குடித்தனம் நடத்துகிறது. அண்ணாச்சிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அட்சய பாத்திரம் போய்விட்டது. ஆனால் மறுநாளே நடக்க ஆரம்பித்து, போகிற இடமெல்லாம் “செல்வின்னு ஒரு பையன், மோந்து பாத்தே ஏங் கதையைச் சொல்லிட்டான்” என்று பரப்பிவிட்டார். என் தலை காலரைவிட இரண்டு இஞ்ச் மேலே போனது அப்போதுதான்.

அந்தத் தலையோடு இருந்தபோதுதான் ராணி அக்காவின் வண்டி வந்தது.

ராணி அக்கா திருத்தங்கல்காரர். அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தவர், சொந்த ஆசையில் கார் ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்து, ஒரு பட்டாசுக் கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தார். டவுன் ஆபீசில் இருந்து போர்மேன்களையும் கணக்கரையும் ஏற்றிக்கொண்டு ஏழாயிரம்பண்ணை பக்கம் இருக்கும் ஆலைக்குப் போய் வருவது வேலை. ஏழு பேர் உட்காரும் டீசல் கார். அந்தக் கம்பெனியில் பெண் டிரைவர் அவர் ஒருவர்தான். ஏறுகிறவர்களுக்கு அது தினமும் ஒரு பொழுதுபோக்கு. முக்கியமாக செல்லையா என்ற போர்மேனுக்கு.

“கிளட்சு வழுக்குது தம்பி” என்றார் ராணி அக்கா, வண்டியை விட்ட முதல் நாள். “ஆக்சிலேட்டர மிதிச்சா என்ஜின் கத்துது, வண்டி நகர மாட்டேங்கு.”

அடியில் போய்ப் பார்த்தேன். என்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில், கிளட்ச் உட்கார்ந்திருக்கும் கூட்டின் அடித்துளையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டு இரண்டு வழியில் வரலாம். முன்பக்கம் என்ஜினின் கிராங்க் சீல், அதாவது எண்ணெயைத் தடுத்து நிற்கும் ரப்பர் வளையம், விட்டிருந்தால் அது என்ஜின் ஆயில். பின்பக்கம் கியர்பாக்ஸின் சீல் விட்டிருந்தால் கியர் ஆயில். கிளட்ச் தூளோடு கலந்தபின் இரண்டும் ஒரே கறுப்பு. கண்ணால் பிரிக்க முடியாது. மூக்கால் முடியும். கியர் ஆயிலில் கந்தகச் சேர்மானம் உண்டு. கந்தகம் என்றால் மருந்து வாடை. பட்டாசில் போடுகிற மருந்தைச் சொல்கிறேன்.

சொட்டை அட்டையில் ஏந்தினேன். காலரை இரண்டு தடவை மோந்தேன். அட்டையை மோந்தேன். மருந்து வாடை இல்லை. வெறும் எண்ணெய்.

“என்ஜின் ஆயில். கிராங்க் சீல்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கியர்பாக்ஸை இறக்கினோம். உள்ளே எல்லாமே எண்ணெயில் ஊறிக் கிடந்ததால் எந்தப் பக்கம் விட்டது என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. வழியைத் தேடவும் இல்லை, அட்டைதான் சொல்லிவிட்டதே. கிராங்க் சீல் புதிது, கிளட்ச் பிளேட் புதிது. வண்டி போனது.

ஐந்தே வாரத்தில் திரும்பி வந்தது. பின்னால் இன்னொரு வண்டி கயிறு கட்டி இழுத்து வந்தது. ஆலைக்குப் போகிற மண் மேட்டில், முழு ஆளோடு, நகராமல் நின்றுவிட்டதாம். செல்லையா போர்மேனும் கூடவே வந்திறங்கினார்.

“நான் அப்பவே சொன்னேம்லா? பொம்பளக் கால் கிளட்ச விட்டு எறங்கவே எறங்காது. தையல் மெசினுன்னு நெனச்சு மிதிச்சா?”

“தையல் மெசின்ல கிளட்சு கிடையாது அண்ணாச்சி” என்றார் ராணி அக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. என் பக்கம் திரும்பி, “தம்பி, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நான் கிளட்சு மேல கால வச்சு ஓட்டுறவ இல்ல. நீ நல்லாப் பாத்துச் சொல்லு. நீ என்ன எழுதுறியோ அதத்தான் மொதலாளி நம்புவாக” என்றார்.

நல்லாப் பார்த்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன். துளையில் மறுபடியும் சொட்டு. மறுபடியும் அட்டை, காலர், மூக்கு. மருந்து வாடை இல்லை. கிராங்க் சீலோ புதிது, என் கையால் மாட்டியது, விடாது. அப்படியானால் இது பழைய எண்ணெயின் மிச்சம் வடிகிறது. பிளேட் கருகியதற்கு ஓட்டும் விதம்தான் காரணம். கணக்கு எனக்கு அழகாக வந்துவிட்டது. கியர்பாக்ஸின் லெவல் போல்ட்டைத் திறந்து உள்ளே ஆயில் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்திருக்கலாம், பத்து நிமிஷ வேலை. செய்யவில்லை. மூக்கு பேசியபின் விரல் எதற்கு?

மேடம் அட்டையை வாசித்தார். “டிரைவர் கிளட்சில் கால் வைத்து ஓட்டுவதால்” என்ற இடத்தில் நின்றார்.

“இதை மூக்கு சொல்லுதா, நீங்க சொல்லுதீகளா?”

“ரெண்டும் ஒண்ணுதான் மேடம்.”

அவர் எதையும் திருத்தாமல் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். மோந்தவர் எழுதியதை மோக்க முடியாதவர் திருத்தக் கூடாது என்பது அவர் போட்ட விதி. முதலாளிக்கு அறிக்கை போனது. அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை முதல் வேறு டிரைவர், ராணி சாவியைக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்ளட்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ராணி அக்கா எனக்குப் போன் செய்து திட்டவில்லை. அதுதான் உறுத்தியது.

சனிக்கிழமை நாகர்கோவிலில் சித்தி மகளுக்குக் கல்யாணம். வெள்ளி மதியமே பஸ் ஏறிவிட்டேன். பையில் புதுச் சட்டையும், என்னுடைய வாசனை ஆல்பமும். ஆம், அப்படி ஒன்று வைத்திருந்தேன்: நல்ல அட்டைகளை ஒவ்வொன்றாகக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரில் போட்டு, கயிறு கோத்து, படித்த பாலிடெக்னிக்கில் போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக. ராணி அக்கா வண்டியின் அட்டைகள் இரண்டையும் கடைசியில் சேர்த்திருந்தேன், ‘ஓட்டுநர் தவறு’ என்ற தலைப்பில்.

கல்யாணம் முடிந்து, சாயங்காலம் சித்தி வீட்டில் எல்லோரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது ஆல்பத்தை எடுத்தேன். சித்தி ஸ்டெல்லா நர்ஸ். எதையும் கூசாமல் மோந்து பார்க்கிறவர். ஒவ்வொரு கவராகத் திறந்து கொடுத்தேன்.

“இது என்னது?”

“ஆயில்ல கூலன்ட் கலந்தது சித்தி.”

“ஆமா, டானிக்கு மாதிரிதான் அடிக்கு. சரியாத்தான் எழுதிருக்க. இது?” கடைசி அட்டையை எடுத்தவர் மூக்கைச் சுளித்தார். “எய்யா, இது என்ன வெடி வாசம்லா அடிக்கு!”

“எங்க ஊர்ல எல்லாத்துலயும் அது அடிக்கும் சித்தி. நீங்க வெளியூர்ல, உங்களுக்குத் தெரியுது. எங்களுக்கு அது காத்து மாதிரி.”

“அப்படியா?” சித்தி விடவில்லை. முந்தின அட்டைகளை மறுபடி ஒவ்வொன்றாக எடுத்தார். “இதுல அடிக்கல. இதுல இல்ல. இதுலயும் இல்ல. எல்லாம் ஒரே ஊரு, ஒரே பைதானடே? இந்தக் கடைசி ரெண்டுல மட்டும் எப்படி அடிக்கும்?”

வாங்கி மோந்தேன். காலரை மோக்கவில்லை, மறந்துவிட்டது. ஒரு நாளாகக் கடல் காற்றில் கிடந்த மூக்கு, கடையில் இருந்து நேராக உடம்புக்கு வந்த சட்டை. அட்டையில் இருந்து மருந்து வாடை, தீபாவளிக்கு மறுநாள் காலைத் தெரு மாதிரி, நேராக ஏறி அடித்தது.

அப்படியே எழுந்து மாடிக்குப் போய், பைக்குள் கிடந்த பழைய சட்டையின் காலரை எடுத்து மோந்தேன். அதே வாடை. என் வீடு சிவகாசி பக்கம் நாரணாபுரத்தில். துணி காய்கிற மொட்டை மாடிக்கு இரண்டு பக்கமும் பட்டாசு ஆலைகள். இத்தனை நாளும் நான் மூக்கை நேர்ப்படுத்துகிறேன் என்று கந்தகத்தை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, அதன்பிறகு கந்தகம் இருக்கிறதா என்று தேடியிருக்கிறேன். டின்னில் இருந்து புதிதாக ஊற்றுகிற கியர் ஆயில் என்றால் எங்களுக்கும் தெரியும், அது அவ்வளவு கடுமை. தூளோடு கலந்த ஒரு சொட்டு, என் மூக்குக்கு இல்லவே இல்லை. ஒரு நிமிஷம் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் ராணி அக்கா ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

மேடத்துக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டார்.

“இது ஒங்க மூக்கு சொல்லுதா?”

“எங்க சித்தி மூக்கு மேடம்.”

“அப்ப நம்பலாம். வாங்க.”

ஞாயிறு முதல் பஸ். ஒர்க்‌ஷாப்புக்கு விடுமுறை, மேடம் கோயில் ஆராதனை முடிந்து பட்டுச் சேலையோடு நேராக வந்து ஷட்டரைத் தூக்கினார். நான் குழியில் இறங்கி லெவல் போல்ட்டைக் கழற்றினேன். நிறைய இருந்தால் அந்தத் துளை வழியே ஆயில் வழிய வேண்டும். வழியவில்லை. சுண்டுவிரலை விட்டேன், வளைத்துக் கீழே துழாவினேன். முழு விரலும் காய்ந்தே வந்தது. கியர்பாக்ஸ் தன் ஆயிலைப் பாதிக்கு மேல் கிளட்சுக்கு ஊட்டிவிட்டு, பட்டினி கிடந்தது. போய்க்கொண்டிருந்தது பின்பக்கச் சீல். முதல் தடவையே அதுதான் போயிருந்தது. ராணி அக்கா எப்படி மிதித்திருந்தாலும் அந்தப் பிளேட் கருகித்தான் இருக்கும்.

மேடம் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு டார்ச்சைப் பிடித்திருந்தார். நான் காட்டிய விரலைப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். புது அட்டை ஒன்றை நீட்டினார்.

“எழுதுங்க.”

திங்கள் காலை கம்பெனி ஆபீசுக்கு நான் போனபோது ராணி அக்கா முதலாளியின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். சாவி மேஜைமேல் இருந்தது. புது டிரைவர் சுவரோரம். செல்லையா போர்மேன் கதவோரம், வேடிக்கைக்கு.

“அண்ணாச்சி, தப்பு என்னோடது” என்றேன். மூச்சு விடாமல் முழுவதையும் சொன்னேன். காலர், கந்தகம், சித்தி, சுண்டுவிரல் எல்லாம். முதலாளி இருபது வருஷமாகப் பட்டாசுத் தொழிலில் இருப்பவர். ஏதோ நினைத்துக்கொண்டு தன் சட்டைக் கையைத் தூக்கி மோந்து பார்த்தார்.

“ஒண்ணும் அடிக்கலியே?”

“அதேதான் அண்ணாச்சி.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். “இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் மூக்கு இல்லன்னு சொல்லு!” சாவியை எடுத்து ராணி அக்கா பக்கம் தள்ளினார். “எடுத்துக்கோம்மா. வண்டி ரெடியானதும் நீதான் எடுக்கணும். இந்தத் தம்பிக்கு வேற ரூட்டு பாப்போம்” என்று புது டிரைவரைக் காட்டினார்.

ராணி அக்கா சாவியைத் தொடவில்லை.

“வாயால சொன்னா போதாது மொதலாளி. என் காலு சரியில்லன்னு இவன் எழுதிக் கொடுத்தத ஆபீசு பூரா வாசிச்சாக. இதையும் எழுதித் தரட்டும்.”

“எழுதியே கொண்டாந்திருக்கேன் அக்கா” என்று அட்டையை நீட்டினேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: ‘கிளட்ச் போனதற்கு டிரைவர் ராணி காரணம் இல்லை. கியர்பாக்ஸ் சீல் காரணம். இரண்டு தடவையும் தவறாகச் சொன்னது நான். செல்வின்.’

அவர் நிதானமாக இரண்டு தடவை வாசித்தார். அதன்பிறகுதான் சாவியை எடுத்தார். கதவைத் தாண்டும்போது செல்லையாவிடம், “அண்ணாச்சி, வண்டி ரெடியானா ஏறுவீகளா? இல்ல தையல் மெசின்ல வருவீகளா?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

எங்கள் முறையில் இருந்து காலர் நீக்கப்பட்டது. மோக்குமுன் கையைக் கழுவி, மூடிய டப்பாவில் இருந்து எடுத்த வெற்று அட்டையை மோக்க வேண்டும் என்று மாற்றினோம். எந்த வாசனை சொன்னாலும் ஏதாவது ஒரு போல்ட்டைத் திறந்து கண்ணாலும் பார்த்தாக வேண்டும் என்பது மேடம் சேர்த்த வரி.

இரண்டு மாதம் கழித்து, வேறொரு வண்டியைப் பார்க்க ஆலைக்குப் போக வேண்டியிருந்தது. ராணி அக்காவின் காரிலேயே ஏறினேன். முன் சீட்டில் உட்கார்ந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. டேஷ்போர்டுக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படுகிற உயரத்தில், என் அட்டை. சும்மா இல்லை, லேமினேஷன் செய்து, சுற்றிலும் தங்க நிற பார்டர் ஒட்டி, மணி மணியாகத் தொங்கலோடு. பழைய பைண்டிங் தோழிகள் செய்து கொடுத்தது என்று தெரிந்தது.

பின் சீட்டில் புதிதாகச் சேர்ந்த கெமிஸ்ட் ஒருவர் அதை உரக்க வாசித்து முடித்துவிட்டுக் கேட்டார்: “யாரும்மா இந்தச் செல்வின்?”

ராணி அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. கியரை மாற்றி, மண் மேட்டில் வண்டியை ஏற்றிக்கொண்டே சொன்னார்:

“தப்ப ஒத்துக்கிட்டு எழுதிக் கையெழுத்துப் போட்ட ஆம்பள, சார். இன்னொருத்தன் கெடச்சா மாட்டலாம்னு பக்கத்துலயே எடம் விட்டு வச்சிருக்கேன். இன்னும் காலியாத்தான் கெடக்கு.”